மூன்றாவது லைனுக்கு நான் சொன்ன காரணம்

மா சந்தா என்னிடம் கேட்டது இரண்டே பக்கம். "ஆபீஸ்ல புதுசா அஞ்சு பேர் சேந்திருக்காங்க சயா. உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க, மீட்டிங்ல படிச்சுக் காட்டுறேன்" என்றாள். இரண்டு பக்கத்தில் அடங்கும் அளவுக்கு ஒழுங்காக நான் வேலை பார்க்கவில்லை. அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதுகிறேன். உங்களில் இரண்டு பேர் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் என்று கேள்விப்பட்டேன். தமிழ் உங்கள் காதில் விழும், வாயில் வராது. என் வீட்டிலும் அதே கதைதான். மற்ற மூவருக்கு அதுவும் கிடையாது. மா சந்தா பர்மியத்தில் சொல்லிக்கொண்டே போவாள். எனக்கும் பர்மியம் நன்றாக வரும். ஆனால் நான் செய்த தப்பைப் பர்மியத்தில் எழுத உட்கார்ந்தால் அது ஆபீஸ் கடிதமாகிவிடுகிறது. யாருமே எதையும் செய்யாமல் எல்லாம் தானாக நடந்துவிட்ட மாதிரி முடிகிறது. இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ரங்கூனின் போட்டாதாங்கில் ஸ்ட்ராண்ட் ரோட்டைப் பார்த்த அதே மாடியில், நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அதே அறையில், ஏற்றுமதித் தாள்கள் எழுதுவதில் முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டினேன். என் தாத்தா மூட்டை தூக்கிய துறைமுக ஜெட்டிக்கு எதிரிலேயே நான் பேனா தூக்கினேன். வீட்டில் இதைப் பெரிய முன்னேற்றம் என்றார்கள். பர்மிய மரியாதைப்படி இளமையில் கோ மணி, நரைத்த பிறகு ஊ மணி, ஆபீஸில் எல்லாருக்கும் சயா. சயா என்றால் வாத்தியார். நான் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை, அது வேறு விஷயம்.

தாளை எப்படி நிரப்புவது என்று மா சந்தா உங்களுக்குக் காட்டுவாள். என்னைவிட நன்றாகவே காட்டுவாள். நான் சொல்ல வந்தது, ஒரு கூட்டத்திலிருந்து ஒருவர் விலகினால் என்ன நடக்கும் என்பதைப் பற்றி. அதை இரண்டு முறை பார்த்துவிட்டேன். முதல் முறை நான் கூட்டத்துக்குள்ளேயே இருந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜெட்டி கேட்டுக்குள் ஒரு நாளைக்கு இத்தனை லாரிதான் என்று கட்டுப்பாடு இருந்தது. யார் முதலில் போவது என்று தினமும் அடிதடி. போட்டாதாங்கில் ஏற்றுமதிச் சரக்கு அனுப்பிய ஏழு க்ளியரிங் ஆபீஸ்காரர்கள் கூடிப் பேசி ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். காலையில் ஏழு பேரும் டீக்கடையில் உட்கார்ந்து, அன்றைக்கு யார் லாரி எத்தனையாவது என்று ஒரே லிஸ்டாக எழுதிக் கேட்டில் கொடுத்துவிடுவார்கள். அங்கே இருந்த அதிகாரிக்கும் சண்டை ஓய்ந்ததில் நிம்மதி. முதலில் லிஸ்டில் இருக்கும் வண்டி, மிச்சம் இடம் இருந்தால் மற்றவர்கள். மிச்சம் அநேகமாக இருக்காது. அந்த லிஸ்டை எழுதும் வேலை எனக்கு வந்தது. என் கையெழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

எங்கள் ஆபீஸ் பெரியவர்தான் அந்த ஏழு பேருக்கும் மூத்தவர். அவர் பெயரை எழுதப்போவதில்லை. தொழிலை எனக்குக் கற்றுக்கொடுத்தவர், குரலை உயர்த்தி ஒருநாளும் பேசாதவர். சலவை செய்த வெள்ளைச் சட்டையும் பர்மிய லுங்கியான லோஞ்சியுமாக அவர் வந்து உட்கார்ந்தாலே கடையில் மற்றவர்கள் குரல் தணிந்துவிடும்.

ஏழு பேரில் ஒருவர் காதர் பாய். கீழக்கரைப் பக்கத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக ரங்கூன் வியாபாரம். அவர் ஒருநாள் டீக்கடையில் எழுந்து நின்றார்.

"நாலு வருஷமா எனக்கு அஞ்சாவதுக்கு மேல வந்ததே இல்ல. எல்லாரும் சமம்னு சொல்லிட்டு இது என்ன முறைங்க? எனக்கு இந்த லிஸ்ட் வேணாம். நான் தனியாவே பாத்துக்கறேன்."

அவர் சொன்னது நியாயம். லிஸ்டை எழுதியவன் நான், எனக்குத் தெரியாதா. பெரியவர் கோபப்படவே இல்லை. எழுந்து போய்க் காதர் பாய் தோளில் கை வைத்து, "உங்க இஷ்டம் பாய். நமக்குள்ள ஒரு மனஸ்தாபமும் இல்ல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"லிஸ்ட்ட எப்பவும் போல எழுது. அவரப் பத்தி யாருகிட்டயும் ஒரு வார்த்த தப்பாப் பேசாத."

"அவர் பேருங்க?"

"அவரே வேணாம்னு சொல்லிட்டாரே."

மழை மாதம் வந்தது. த்வாண்டேயிலிருந்து வந்த அரிசி மூட்டைகளோடு காதர் பாயின் மூன்று லாரிகள் ஸ்ட்ராண்ட் ரோட்டில் நின்றன. முதல் நாள் எங்கள் ஆறு பேரின் வண்டிகளே கேட்டை நிரப்பிவிட்டன. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் எங்களிடம் அனுப்பச் சரக்கு குறைவு, இரண்டு இடம் காலியாக இருந்தது. பெரியவர் லிஸ்டைப் பார்த்தார். "வெறும் வண்டி ரெண்டு உள்ள போயிட்டு வரட்டும், எழுதிக்க" என்றார். எழுதினேன். வெறும் லாரி இரண்டு உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்தன.

அரிசிக்குச் சொந்தக்காரர் த்வாண்டே பக்கத்து விவசாயி. தலைக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் பிடித்துக்கொண்டு லாரியின் படியில் உட்கார்ந்திருந்தார். நான் தினமும் கையில் தாளோடு கேட்டுக்குப் போவதைப் பார்த்திருக்கிறார். என்னை நிறுத்தி, தன் சரக்கு வண்டி ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டார். நான் லிஸ்டை நீட்டினேன். "இதுல உங்க வண்டி இல்ல" என்றேன். அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கி, மேலிருந்து கீழே ஒவ்வொரு பெயராகப் படித்தார். "சரி" என்று திருப்பிக் கொடுத்தார். லிஸ்டை எழுதியது யார் என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கப்பல் அரிசி இல்லாமலேயே போனது. நனைந்த மூட்டைகளின் புளித்த வாடை தெருவில் இரண்டு நாள் இருந்தது.

இரண்டு மாதம் கழித்துக் காதர் பாய் டீக்கடைக்கு வந்தார். பெரியவரே நாற்காலி இழுத்துப் போட்டு, டீ சொல்லி, குடும்பத்தை விசாரித்தார். அவர் பெயர் மறுபடி லிஸ்டில் ஏறியது, ஏழாவது இடத்தில். அதற்குப் பிறகு அவர் சமம் என்ற பேச்சை எடுத்ததே இல்லை. அன்றைக்கு ஆபீஸுக்குத் திரும்பும்போது பெரியவர் சொன்னார்: "பாத்துக்க மணி. போறவர நாம ஒண்ணும் செய்யக் கூடாது. நாம எப்பவும் போல இருக்கோம்னு தெரிஞ்சாப் போதும்." எனக்கு அவர் மேல் மரியாதை கூடிற்று. இதுதான் நிர்வாகம் என்று நினைத்தேன். வெறும் லாரி இரண்டை மறந்துபோனேன்.

இரண்டாம் முறை நடந்தபோது எனக்கு ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது.

ஐரோப்பிய நாடுகளின் கூட்டிலிருந்து பிரிட்டன் விலகுவதாக வருஷக்கணக்கில் டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. நம் ஆபீஸில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் சண்டை போட்டால் போட்டாதாங்குக்கு என்ன வந்தது என்றுதான் நானும் இருந்தேன்.

வந்தது, குளிர்கால ஜாக்கெட் வழியாக. ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் ஃபேக்டரி நம் வாடிக்கை. அங்கே தைத்ததெல்லாம் ஒரே ஒரு பிரிட்டிஷ் கம்பெனிக்குப் போகும். அந்தக் கம்பெனிக்குப் பாதிக் கடைகள் பிரிட்டனில், பாதிக் கடைகள் அயர்லாந்தில். கோடவுன் மட்டும் பிரிட்டனில். எல்லாம் ஒரே கன்டெய்னரில் பிரிட்டன் போகும், அங்கே பெட்டியைப் பிரிப்பார்கள், அயர்லாந்துப் பங்கு லாரியில் ஏறி மறுகரைக்குப் போகும். இரண்டும் ஒரே கூட்டுக்குள் இருந்தவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. ஏழை நாடு என்று நமக்கு ஒரு சலுகை உண்டு. இங்கே தைத்த துணிக்கு அவர்கள் சுங்கவரி போடுவதில்லை.

இப்போது பிரிட்டன் வெளியே போகிறது, அயர்லாந்து உள்ளேயே இருக்கிறது. இருவருமே நம் சலுகையை எடுக்கவில்லை. இங்கிருந்து நேராகப் பிரிட்டன் போனாலும் வரி கிடையாது, நேராக ஐரோப்பா போனாலும் வரி கிடையாது. பிரிட்டனில் இறக்கிப் பிரித்து அங்கிருந்து அயர்லாந்துக்குப் போனால் மட்டும் முழு வரி. விஷயம் இவ்வளவுதான். இது எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்கு என் கீழ் வேலை பார்த்த மா சந்தாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அந்த ஃபேக்டரியில் மூன்றாவது லைன் முழுக்க அயர்லாந்துக் கடைகளுக்கான ஜாக்கெட் தைத்தது. லைனுக்குத் தலைவி மா நீலா, த்வாண்டேக்காரி, முப்பது வயதிருக்கும். கன்டெய்னருக்கு சீல் வைக்கும் நாட்களில் நான் ஷ்வேப்யிதா போவேன். கன்னத்தில் சந்தனம் போலத் தனகா பூசிக்கொண்டு, கழுத்தில் அளவு நாடாவோடு நின்று பெட்டிகளைச் சரிபார்ப்பாள். அவள் லைனில் முப்பது பெண்களுக்கு மேல். எல்லாரையும் த்வாண்டே பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் அவளே அழைத்து வந்தாள். ஒருமுறை என்னிடம் சொன்னாள். அவள் பேசியது பர்மியம், நான் தமிழில் எழுதுகிறேன்.

"ஒவ்வொருத்தியோட அம்மாவும் பொண்ணோட கையப் புடிச்சு எங்கிட்ட குடுத்தாங்க சயா. வேல நிலைக்கும்னு நான்தான் வாக்குக் குடுத்திருக்கேன். இவங்களத் திருப்பி அனுப்புற நாள் வந்தா நான் ஊருக்குள்ள தலை காட்ட முடியாது."

கொரோனா வருஷத்தின் கடைசி. கன்டெய்னர் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. ஒரே ஒரு கன்டெய்னர் கைக்கு வந்திருந்தது, அன்றே முடிவு சொல்ல வேண்டும். ஃபேக்டரி ஆபீஸில் முதலாளி அம்மா, நான், மா சந்தா, மா நீலா உட்கார்ந்திருந்தோம். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடியது. அந்தப் பிரிட்டிஷ் கம்பெனியின் ரங்கூன் ஏஜென்ட் போனில் இருந்தார். முதலாளி அம்மா போனை மேஜை நடுவில் வைத்தார்.

"சயா, இது உங்க துறை" என்றார் ஏஜென்ட். "ஒரே கன்டெய்னரா, ரெண்டா? நீங்க சொல்றதுதான் முடிவு."

மா சந்தா பையிலிருந்து இரண்டு தாளை எடுத்தாள். ஐரோப்பியக் கூட்டு முன்கூட்டியே வெளியிட்டிருந்த அறிவிப்பு. பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள்.

"வருஷம் பொறந்தா பிரிட்டன் வெளிய போயிடும் சயா. அப்புறம் அங்கேர்ந்து அயர்லாந்துக்குப் போற சரக்கு வெளிச்சரக்கு. நம்ம சலுகை அதுக்குச் செல்லாது. மூணாவது லைன் சரக்க மட்டும் நேரா ஐரோப்பாவுக்கு அனுப்பிடலாம். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு கப்பல் இருக்கு, கேட்டு வச்சிருக்கேன்."

"பிரிக்கணும்னா சொல்லுங்க" என்றாள் மா நீலா. "ரெண்டு நாள்ல பெட்டியெல்லாம் மாத்திக் கட்டிடுவோம்."

நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு, நீங்களும் கற்றுக்கொள்வீர்கள். கப்பல் ஏறிய தேதிதான் தேதி. கப்பல் ரசீதில் எந்தத் தேதி விழுகிறதோ அதைத்தான் பேங்க் பார்க்கும், இன்ஷூரன்ஸ் பார்க்கும், வாங்குகிறவன் பார்ப்பான். முப்பது வருஷம் அந்தத் தேதியை வைத்தே சோறு தின்றவன் நான்.

"சரக்கு ஏர்றது இந்த வருஷம். அப்ப இந்த வருஷத்துச் சட்டம்தான்" என்றேன். "நீ பொறக்குறதுக்கு முன்னாலேர்ந்து நான் தேதி பாக்குறேன் சந்தா."

"இதுல கப்பல் ஏர்ற தேதியப் பத்திப் பேச்சே இல்ல சயா. வருஷம் பொறக்கறப்ப சரக்கு எங்க நிக்குதுன்னுதான்..."

"ஒரே கன்டெய்னர்" என்று போனைப் பார்த்துச் சொன்னேன்.

மா சந்தா தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அந்த இரண்டு பக்கத்தைப் படிக்கப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். நான் கை நீட்டிக்கூட வாங்கவில்லை. ஏன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். நாலு பேர் முன்னால் ஒரு சின்னப் பெண் என்னைத் திருத்துகிறாள் என்ற எரிச்சல். ஓய்வு பெறும் நேரத்தில் சரக்கு தாமதமாகப் போனது என்ற பேர் வேண்டாம் என்ற நினைப்பு. இன்னொன்றும் இருந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் கூட இருந்த பிரிட்டனை வாசலில் நிறுத்தி வைக்கவா போகிறார்கள் என்று நினைத்தேன். காதர் பாய் ஞாபகம் அன்றைக்கு வரவேயில்லை. வந்திருக்க வேண்டும். கேட்டில் நிறுத்துவது எப்படி என்று என்னைவிடத் தெரிந்தவன் அந்த அறையில் யாரும் இல்லை.

கப்பல் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. வருஷம் முடியும் முன்பே சரக்கு பிரிட்டனில் இறங்கிவிட்டது. நான் மா சந்தாவைப் பார்த்துச் சிரித்தேன்கூட. கோடவுனில் பெட்டியைப் பிரித்தார்கள், ஜாக்கெட்டை ஹேங்கரில் மாட்டினார்கள். விடுமுறை முடிந்து ஜனவரியில் அயர்லாந்துப் பங்கை லாரியில் ஏற்றிப் படகில் அனுப்பினார்கள். அந்தக் கரையில் லாரி நின்றது.

சண்டை இல்லை, சத்தம் இல்லை. சுங்கத்தில் எங்கே தைத்தது என்று கேட்டார்கள். மியான்மரில். எங்கிருந்து வருகிறது? பிரிட்டனிலிருந்து. அப்படியானால் சலுகை கிடையாது. கம்பெனி கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதியது, சரக்கு பழைய வருஷமே கப்பல் ஏறியது என்று நான் எழுதிக் கொடுத்த விளக்கத்தையும் சேர்த்து. பதில் மரியாதையாக வந்தது. இரண்டு வரி, அதோடு அந்த இரண்டு பக்க அறிவிப்பு. மா சந்தா பென்சிலால் கோடு போட்ட அதே இடம்தான்.

எனக்கு அப்போதுதான் டீக்கடை ஞாபகம் வந்தது. விலகிய நாட்டை அந்தக் கூட்டு திட்டவில்லை. தண்டனை என்ற சொல் எந்தத் தாளிலும் இல்லை. எல்லாரும் பார்க்கும்படி லிஸ்டை முன்னாலேயே ஒட்டிவிட்டு, எப்போதும் போல வாசித்தார்கள். அவர்களிடம் கோபப்பட எனக்கு ஒன்றுமில்லை, வெறும் லாரியைக்கூட அவர்கள் ஓட்டவில்லை. பிரிட்டன் பெரிய நாடு, எப்படியாவது சமாளித்துக்கொள்ளும். கதவை ஒரு பக்கம் ஒருவரும் மறுபக்கம் ஒருவருமாகச் சாத்தினார்கள். இடுக்கில் மூன்றாவது லைன் இருந்தது.

கம்பெனி யோசித்துப் பார்த்தது. அயர்லாந்துக் கடைகளுக்கு வேண்டியதை இனி அந்தக் கூட்டுக்குள்ளேயே ஒரு நாட்டில் தைத்துக்கொள்வதாக எழுதிவிட்டது. ஜனவரி முடியும் முன்பே மூன்றாவது லைனை மூடினார்கள்.

பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் நம் ஊரில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லாமே போயிருக்கும் சயா, ஒரு மாதம் முன்னால் போனது, அவ்வளவுதானே என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. அந்த ஆறுதலை நான் எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற லைன்கள் அதற்குப் பிறகும் ஓடின. ஆள் குறைந்து, பயந்து பயந்து, ஆனாலும் ஓடின. மூன்றாவது லைன் அதற்கு முன்பே நின்றிருந்தது. அதை நிறுத்தியது பிப்ரவரி இல்லை.

லைன் மூடிய மறுநாள் மா நீலா போட்டாதாங்குக்கு வந்தாள். ஷ்வேப்யிதாவிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, மாடிப்படி ஏறி, என் மேஜை முன்னால் நின்றாள். உட்காரச் சொன்னதும்தான் உட்கார்ந்தாள்.

"நாளைக்குப் பொண்ணுங்களக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போறேன் சயா. அம்மாமாருங்க காரணம் கேப்பாங்க. பொண்ணுங்க ஒழுங்காத் தைக்கலன்னு அவங்க நினைச்சிடக் கூடாது. என்ன சொல்றதுன்னு ஒரு வரி சொல்லிக் குடுங்க."

"அது ஐரோப்பாக்காரங்க சட்டம்மா" என்றேன். "பிரிட்டன் அவங்க கூட்டத்த விட்டுப் போயிடுச்சு. அதனால அவங்க கதவ மூடிட்டாங்க. நம்ம கையில ஒண்ணும் இல்ல."

பிரிட்டன் போயிடுச்சு, கதவ மூடிட்டாங்க என்று அவள் வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்வது போல இருந்தது. எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு இந்தத் தங்கச்சி சொன்ன மாதிரி பெட்டியப் பிரிச்சு அனுப்பியிருந்தா, சயா?"

பக்கத்து மேஜையில் மா சந்தா டைப் அடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"பிரிச்சிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்" என்றேன்.

மா நீலா கை கூப்பிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து டைப் சத்தம் மறுபடி கேட்டது. மா சந்தா அன்றைக்கும் ஒன்றும் கேட்கவில்லை, இன்று வரைக்கும் கேட்கவில்லை. என் விடைபெறும் நாளில் மாலையும் அவள்தான் போட்டாள்.

நான் முதலில் சொன்ன மூன்று வரியும் உண்மை. அதனால்தான் நம்ம கையில ஒண்ணும் இல்ல என்ற நான்காவதும் உண்மை போலக் காதில் விழுந்தது. நம் தொழிலில் இது சுலபம். தூரத்தில் எப்போதும் ஒரு சட்டம் இருக்கும், யாராவது கேட்டால் எடுத்து நீட்டிவிடலாம். த்வாண்டே விவசாயிக்கு லிஸ்டை நீட்டிய அதே கைதான்.

போன வருஷம் த்வாண்டே போனேன். ஓய்வு பெற்று நாளாகிவிட்டது, மனசு ஒரு நிலையில் இல்லை. மா நீலாவிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். அவள் போன் எடுப்பதில்லை. விசாரித்து விசாரித்து ஒரு கிராமத்தில் மூன்றாவது லைனில் தைத்த ஒரு பெண்ணின் வீட்டைக் கண்டுபிடித்தேன். அம்மா மட்டும் இருந்தாள். மண்பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாள். மகள் தாய்லாந்துப் பக்கம் போய்விட்டாளாம். எந்த ஊர் என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை.

"நீலா?" என்றேன்.

"அவளும் எல்லையத் தாண்டிட்டா. இங்க நிக்க முடியல அவளால." அந்த அம்மா என் எதிரில் பாயில் உட்கார்ந்தாள். "வெள்ளைக்காரன் எங்கேயோ கதவ மூடினானாம், அதனால எங்க பொண்ணு இங்க வீட்டுக்கு வந்துட்டாளாம். யாரு நம்புவா சொல்லுங்க. சிரிச்சாங்க. நீலா ஃபேக்டரிக்காரங்களோட சேந்துக்கிட்டு எதையோ மறைக்கிறான்னு சொன்னாங்க. கிணத்தடியில அவகூட யாரும் பேசல. அவ திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னா."



"நான் நம்பினேன்" என்றாள் அந்த அம்மா. "போட்டாதாங் ஆபீஸ்ல ஒரு படிச்ச சயா சொன்னார்னு நீலா சொன்னா. அது நீங்கதானே? அதனால நம்பினேன். நெசந்தானே சயா?"

சொல்வதற்காகவே இரண்டு பஸ் மாறிப் போனவன் நான். பெட்டியைப் பிரித்திருக்கலாம் அம்மா, பிரிக்க வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்று ஒரே ஒரு வரி. பட்டணத்தில் ஒரு கிழவன் திமிரில் தப்பாக முடிவு செய்தான் என்றால் அந்தக் கிராமத்தில் நம்பாதவர்களே இருந்திருக்க மாட்டார்கள். அன்றைக்கே அதைச் சொல்லியிருந்தால் மா நீலாவின் வாக்குக்கு ஊரில் மதிப்பு இருந்திருக்கும்.

"ஆமா" என்றேன். தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

புதிதாக வந்திருக்கும் ஐந்து பேருக்கும் நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். எந்தக் கூட்டத்திலிருந்தாவது யாராவது விலகினால், போகிறவரையும் இருப்பவர்களையும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சரக்கோடு வாசலில் நிற்பது யார் என்று பாருங்கள். இரண்டு பக்கத் தாளை யார் நீட்டினாலும் வாங்கிப் படியுங்கள். அப்படியும் தப்பு நடக்கும். நடந்த பிறகு ஒருவர் வந்து காரணம் கேட்டால், முடிவு செய்தவர் பெயரைச் சொல்லுங்கள், அது உங்கள் பெயராக இருந்தாலும்.

மா சந்தா, இது உனக்கு. இதைப் படித்துக்கொண்டு வரும்போது ஓர் இடத்தில் நீ தொண்டையைச் செருமிக்கொண்டு தாண்டிப் போய்விடுவாய் என்று எனக்குத் தெரியும். மரியாதை தெரிந்த பெண் நீ. தாண்டாதே அம்மா. ஒரே கன்டெய்னர் என்று சொன்னது ஊ மணி, பிரித்திருந்தால் ஜனவரியில் மூன்றாவது லைன் நின்றிருக்காது என்று பர்மியத்தில் தெளிவாகச் சொல். அந்த ஐந்து பேரில் யாருக்காவது த்வாண்டேயில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்று கேள். இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அதை அங்கேயும் போய்ச் சொல்லச் சொல்.